பதுளையில் ஒரு சொல்லுக்குப் பின்னால் ஓடியது

பதுளை ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் என்னை அழைத்துப்போக வந்தவரைக் கலங்க வைத்துவிட்டேன்.

திலகவதி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். மாவட்டச் செயலகத்தில் வேலை. மாற்றலாகி வந்த ஊர் பிடித்துப்போய் இருபது வருடமாகப் பதுளையிலேயே இருக்கிறார். என் பேராசிரியருக்குத் தெரிந்த குடும்பம் என்பதால், இரண்டு வாரம் அவர் வீட்டில் தங்க ஏற்பாடாகியிருந்தது. குடையும் கையுமாகப் பிளாட்பாரத்தில் நின்றவரைப் பார்த்ததும் பையை இறக்கிவைத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "அக்கா, உங்ககிட்ட நெறையப் பேசணும்" என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது.

"ஏன் பிள்ளை, நான் என்ன பிழை விட்டனான்?"

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விளக்கம் கிடைத்தது. "எங்கட ஊரில பேசுறது எண்டா ஏசுறது. சும்மா சொல்லிக்கொண்டிருக்கிறதுக்குக் கதைக்கிறது எண்டுதான் சொல்லுவம். சினிமாவில கேட்டிருக்கிறன்தான். ஆனா ரயிலால இறங்கின உடன முகத்தைப் பார்த்து ஒராள் அப்பிடிச் சொன்னா நெஞ்சு திக்கெண்டுதானே இருக்கும்."

நான் உடனே நோட்டை எடுத்தேன். அக்கா, "முதல் கால் கழுவிப்போட்டு வாங்கோ" என்றார்.

நான் மதுரைக்காரி. மொழியியல் முதுகலை, இரண்டாம் ஆண்டு. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பேசும் தமிழைப் பதிவு செய்து ஆய்வேடு எழுத வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். கொழும்பு விமான நிலையத்தில் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி என்ன படிக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். "அப்படியா, எத்தனை மொழி பேசுவீர்கள்?" என்றார். "இரண்டரை" என்றேன். ஏமாற்றத்தோடு முத்திரை குத்தினார். மொழியியல் படிப்பவருக்கு நிறைய மொழி தெரியும் என்று உலகம் நம்புகிறது. பல் வைத்தியருக்கு வாய் நிறையப் பல் இருக்கும் என்று மட்டும் யாரும் நம்புவதில்லை.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் இன்னொருவர் அறிமுகமானார். மயூரன், திலகவதி அக்காவின் தங்கை மகன். டாக்டர். தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. தினமும் பெரியம்மா வீட்டில்தான் சாப்பாடு. இடியாப்பத்தைத் தேங்காய்ப்பால் சொதியில் நனைத்துக்கொண்டே கேட்டார்: "இதைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்?" கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் மொழி மாற்றம், சமூக அடையாளம், ஒலியன்கள் என்று கால் மணி நேரம் விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே ஏழு இடியாப்பம் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் காலை ராஜு வந்தார். அக்காவுக்கு வழக்கமாகத் த்ரீவீலர் ஓட்டுபவர். அவர் மனைவி புஷ்பம் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். ஸ்பிரிங்வெளி போகும் பாதையில் பிரிந்து மேலே ஏறினால் அவர்கள் தோட்டம் வரும். அதன் பெயரை விட்டுவிடுகிறேன். காரணம் போகப்போகத் தெரியும்.

"ஏறுங்க டீச்சர்" என்றார். நான் டீச்சர் இல்லை, மாணவி என்றேன். "சரிங்க டீச்சர்" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்ட குதூகலத்தைச் சொல்லி முடியாது. கடல் தாண்டி, பத்து மணி நேரம் ரயிலில் மலை ஏறி வந்தால், எதிரே நிற்பவர் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பேசுவது மாதிரி "போறேன், வாங்க, இருக்கு, ஆமாங்க" என்கிறார். மேசைக்கு அந்தப் பக்கம் "இருங்கோ", வாசலுக்கு இந்தப் பக்கம் "இருங்க". இரண்டுக்கும் நடுவே ஒரு கதவுதான் இருந்தது. நான் உள்ளேயும் வெளியேயும் நாலு முறை போய் வந்தேன், சும்மா கேட்பதற்காக.

ஐந்தாவது வளைவில் த்ரீவீலர் இருமியது. ஆறாவதில் நின்றேவிட்டது. நான் இறங்கித் தள்ளினேன். வண்டி நகரவில்லை, என் செருப்புதான் அறுந்தது. பின்னால் வந்த பஸ்ஸில் இருவரும் தொற்றிக்கொண்டோம். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ கத்த, பஸ்ஸே சிரித்தது. ராஜு மொழிபெயர்த்தார்: "உள்ள போங்க, உள்ள கிரிக்கெட் வெளையாடுற அளவுக்கு எடம் இருக்குன்றாருங்க." உள்ளே ஒரு காலை ஊன்றத்தான் இடம் இருந்தது. மற்றதை ஒரு பலாப்பழத்தின் மேல் வைத்திருந்தேன்.

தோட்டத்துக்குள் நடந்தபோது ஒரு சின்னக் கட்டடம் வந்தது. பிள்ளைக் காம்பரா என்றார் ராஜு. மலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம். நான் நின்றுவிட்டேன். பிள்ளை நம் வீட்டுச் சொல். அறை என்று பொருள்படும் காம்பரா போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து, கரையோரத்தில் இறங்கி, யார் யார் வாயிலோ ஏறி, இந்த மலை உச்சிக்கு வந்து, தமிழ்ப் பிள்ளையோடு கைகோத்து நிற்கிறது. என்னையறியாமல் குதித்துவிட்டேன்.

ராஜு சட்டென்று கம்பைத் தேடினார். "என்னங்க, பாம்பா?"

"இல்லண்ணே, சொல்லு."

"சொல்லுங்க."

"இல்ல, சொல்லு. வார்த்தை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு முழுவதும் ஒரு பரிதாபம் இருந்தது.

மூன்றாம் நாள் விடிந்ததும் பெரட்டுக்குப் போனேன். வேலைக்கு ஆட்களைப் பிரித்து அனுப்பும் காலைக் கூட்டத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கேதான் புஷ்பத்தை முதலில் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மெல்லிய உடம்பு, இடுப்பில் சாக்கு, தலையில் கூடைக் கயிறு. "மதுரையிலேருந்தா வர்றீங்க? எங்க தாத்தாவோட அப்பா அங்கதான் பொறந்தாராம். அவரத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்தார். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வதைக் கவனித்தேன். வெட்கம் என்று நினைத்தேன்.

நானும் பறிக்கிறேன் என்று அடம் பிடித்தேன். அரை மணி நேரத்தில் நான் பறித்ததைப் பார்த்த பெண்கள், அதை என்னிடமே திருப்பித் தந்து, கறி வைக்கச் சொன்னார்கள். இரண்டு இலையும் மொட்டுமாக வர வேண்டியது, எனக்குக் கிளையாக வந்திருந்தது. பத்து மணிக்கு ரொட்டி. நம் ஊர்ப் புரோட்டா அடுக்கடுக்காகப் பிரியும். இது கோதுமை மாவில் தட்டிய கனத்த ரொட்டி, பிரியவே பிரியாது. ஆனால் தேங்காய்ச் சம்பலோடு அதைக் கடித்து, மேலே சூடாகச் சாயத்தண்ணி குடித்தால், குளிர் ஓடிப்போகிறது. பால் சேர்க்காத தேநீருக்கு அங்கே அதுதான் பெயர். எல்லாரும் சாப்பிட, புஷ்பம் மட்டும் ரொட்டியைத் தேநீரில் ஊறவைத்து மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் ஞாயிறு. ரயிலேறி எல்ல என்ற மலையூருக்குப் போனேன். பெட்டி வாசலில் தொங்கிப் படம் எடுத்துக்கொண்ட வெளிநாட்டுக்காரர்களில் ஒரு பெண் தன் சிநேகிதியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்: "இங்கே எவ்வளவு அமைதி, பார்." அந்த நேரம் எனக்குப் பின்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள், யாருடைய கோழி யாருடைய பாத்தியைக் கிளறியது என்று மூன்றாவது ஸ்டேஷனாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோழி என்ற சொல்லுக்கு இத்தனை வேற்றுமை உருபு ஏற்ற முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

திங்கட்கிழமை மாலை ராஜு வீட்டில் பதிவு. லயம் என்பது ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக இருக்கும் வீடுகள். அவர்களுடையது கடைசி வீடு. புஷ்பம் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். எங்கள் வகுப்பில் ஒரு கேள்வி சொல்லித் தருவார்கள். உங்களை ரொம்பப் பயமுறுத்திய சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டும். அப்போதுதான் மனிதர்கள் மைக்கை மறந்து தங்கள் சொந்தப் பேச்சில் பேசுவார்கள். கேட்டேன். ராஜு மைக்கை மறந்தார்.

"என் சம்சாரத்துக்கு வர்ற இழுப்புதாங்க. விடியக்காலையில திடீர்னு வந்துரும். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். கண்ணு மேல போயிரும். ஆஸ்பத்திரியில ஊதுற மருந்து குடுத்தாங்க. எங்க ஊதுறது, பல்லு கிட்டிச்சுப்போயில்ல கெடக்கு. ஒரு நாள் மலையில நிக்கிறப்ப வந்துச்சுன்னா என்னா பண்றது, அந்த நெனப்புதாங்க பயம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? வெட்டி வெட்டி என்று வினையெச்சம் இரட்டித்து வந்திருக்கிறது என்று சந்தோஷமாக அடிக்கோடு போட்டேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா வீட்டில் பதிவைக் கேட்டு எழுத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். ஊதுற மருந்து என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. ஊதுகிற மருந்து மூச்சுத் திணறலுக்குக் கொடுப்பது. கை கால் வெட்டுவதற்கு எதற்கு? அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்காவிடம், "இழுப்புன்னா நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்றேன்.

"மூச்சு இழுக்கிறது. தொய்வு எண்டும் சொல்லுறது. ஏன், உங்களுக்கு இழுப்பு இருக்கோ?"

எங்கள் வீட்டில் இழுப்பு என்றால் வலிப்பு. பக்கத்துத் தெருப் பையனுக்கு இழுப்பு வந்தது என்று அம்மா சொன்னால், பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடுவார். ராஜுவும் புஷ்பமும் பேசுவது எங்கள் தமிழ். மயூரன் கேட்பது அக்காவின் தமிழ். இரண்டிலும் ஒரே எழுத்து, ஒரே ஒலி. புஷ்பம் "இழுப்பு வருதுங்க" என்று சொல்லியிருப்பார். மயூரன் தலையாட்டியிருப்பார்.

ராஜுவுக்குப் போன் செய்தேன். அவர் சொன்னதை டாக்டரிடம் போட்டுக் காட்டலாமா என்று கேட்டேன். கேட்காமல் யாருடைய குரலையும் வெளியே எடுத்துச் செல்லக் கூடாது என்பது எங்கள் படிப்பின் முதல் பாடம். "தாராளமா காட்டுங்க டீச்சர். அவளும் சரின்றா" என்றார்.

பஸ் பாதி வழி வரை ஒழுங்காகப் போனது. பிறகு ஒரு வளைவில், கொழுந்து மூட்டை ஏற்றிய லாரி குறுக்கே திரும்பி, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நின்றது. நான் இறங்கி ஓடினேன். மழை, புதுச் செருப்பு, மடிக்கணினிப் பை. குறுக்குப் பாதை என்று ஒருவர் காட்டிய வழியில் அட்டைகள் எனக்காகவே காத்திருந்தன. ஆஸ்பத்திரி வாசலில் கால் முழுக்க ரத்தமாக நான் போய் நிற்க, நர்ஸ் துண்டுச் சீட்டு எடுத்து நம்பர் எழுதினார்.

"என்ன வருத்தம்?"

"வருத்தம்லாம் ஒண்ணும் இல்லங்க. கொஞ்சம் பயமா இருக்கு, அவ்வளவுதான்."

அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்து, மெதுவான குரலில் உட்காரச் சொன்னார். அங்கே வருத்தம் என்றால் நோய் என்று பிறகு மயூரன் சொல்லித்தான் தெரியும். என் சீட்டில் அந்த நர்ஸ் என்ன எழுதினார் என்று மட்டும் அவர் கடைசி வரை சொல்லவில்லை.

மயூரன் என் இயர்போனை ஒரு காதில் மாட்டிப் பதிவைக் கேட்டார். முதல் முறை முகத்தில் ஒன்றும் இல்லை. "திருப்பிப் போடுங்கோ" என்றார். மூன்றாவது முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டார்.

"மூண்டு தரம் வந்தவ. மூண்டு தரமும் இழுப்பு எண்டுதான் சொன்னவ. நெஞ்சில குழாய் வைச்சுப் பார்த்தனான், சத்தம் இல்லை. இழுப்பு வந்து போன பிறகு அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன்." பதிவேட்டைப் புரட்டிப் புஷ்பத்தின் பெயரைத் தேடினார். "தெரியாத சொல்லெண்டா என்னெண்டு கேட்டிருப்பன். இது எனக்குத் தெரிஞ்ச சொல்."

இரண்டு வருடமாக நான் படித்த புத்தகங்கள் எதுவும் இதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

வரிசையில் நின்றவர்களைப் பார்த்து முடித்ததும், அவருடைய மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போனோம். புஷ்பம் மேல் மலையில் நின்றார். கீழே செங்குத்தான கான், மழைநீர் ஓடும் வாய்க்கால். அங்கே எங்களுக்காகக் காத்திருந்த ராஜு கூப்பிடக் கூப்பிட அவர் கூடையோடு இறங்கி வருவதை மயூரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். வந்ததும் வரப்பிலேயே உட்கார வைத்துக் கேட்டார்.

"அக்கா, வரேக்க கை கால் வெட்டுமோ?"

"அவரு சொல்வாருங்க. எனக்கு எங்க தெரியுது."

"நாக்கு கடிபடுமோ?"

புஷ்பம் வாயை மூடிய கையை எடுத்தார். நாக்கின் ஓரத்தில் ஆறாத புண். "இதுனாலதாங்க ரொட்டி சாப்புட முடியல. அது வேற நோவுன்னு நெனச்சேன்."

மயூரன், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றார். டாக்டர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார் என்று புஷ்பத்துக்குப் புரியவில்லை. பதற்றத்தில் அவரும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டார்.

மறுநாளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போயிற்று. தலையில் கம்பிகள் ஒட்டிப் பரிசோதித்தார்கள். வலிப்புதான். காலையும் மாலையும் மாத்திரை. மலை உச்சியில் வேண்டாம், சமதரையில் வேலை கொடுங்கள் என்று மயூரன் தோட்டத்துக்கு எழுதினார், கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ஆஸ்பத்திரியில் ஒரு ஸ்டூல் கிடைத்தது. மயூரன் நோயாளியைப் பார்க்க, நான் வெளியே வரிசையில் இருப்பவர்களிடம் உடம்புச் சொற்களைக் கேட்டு எழுதினேன். பெண்கள் போட்டி போட்டார்கள். தலைசுத்து வேறு, கிறுகிறுப்பு வேறு என்று ஒருவர் சொல்ல, ரெண்டும் ஒன்றுதான் என்று இன்னொருவர் எழுந்து தள்ளாடி நடித்தே காட்டினார். அதைப் பார்த்து உண்மையாகவே தலைசுற்றல் என்று வந்திருந்த ஒருவர் சிரித்துச் சிரித்து, தனக்குச் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு மாலையும் மயூரன் அந்தப் பட்டியலை வாங்கிப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார்.

பத்தாம் நாள் புஷ்பம் மறுபடி வந்தார். மாத்திரை தொடங்கியதிலிருந்து இழுப்பு ஒரு முறைகூட வரவில்லை. ஆனால் அவருக்கு என்மேல் ஒரு குறை இருந்தது.

"அவரு சொன்னத பதிஞ்சீங்க. எனக்கு வந்த இழுப்ப நான்ல டீச்சர் சொல்லணும்?"

மைக்கை அவர் பக்கம் திருப்பினேன். மயூரன் பேனாவை வைத்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். "உங்கட சொல்லிலயே சொல்லுங்கோ. முதல் என்ன நடக்கும்?"

"மொதல்ல சங்கு வருங்க."

சங்கு என்றால் தோட்டத்தில் வேலை நேரத்துக்கு ஊதும் ஊதல். நானும் மயூரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பட்ட அடி போதும், இருவருமே தலையாட்டவில்லை.

"ஃபாக்டரிச் சங்கோ?" என்றார் மயூரன்.

"இல்லைங்க, அது சத்தம். இது வாசம். கொழுந்து கருகுனா வருமே, அந்த மாதிரி மூக்குல வரும். பக்கத்துல யாருக்கும் வராது. அது வந்து கொஞ்ச நேரத்துல எனக்கு நெனவு போயிரும். சங்கு ஊதுனா வேலைக்குப் போகணும்ல, அது மாதிரி இது ஊதுனா இழுப்பு வரும். அதான் சங்குன்னு வச்சிருக்கேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. சொன்னா சிரிப்பாங்க."

மயூரன் மேசையைத் தட்டினார். அந்த மனிதர் அவ்வளவு உற்சாகமாகி நான் பார்த்ததே இல்லை. "அக்கா, இனிச் சங்கு வந்தா உடன நிலத்தில இருந்திடுங்கோ. கூடையைக் கழட்டுங்கோ. பக்கத்தில நிக்கிற ஆளிட்டச் சொல்லுங்கோ. விழாமல் தப்பலாம்."

"சங்கு வந்துச்சுன்னு சொல்லவா?"

"ஓம். சங்கு எண்டே சொல்லுங்கோ."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடி உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரே ஒருவர் மட்டும் தனக்குத்தானே பேசி வந்த ஒரு சொல் அன்று காலை முதல் முறையாக வெளியே வந்திருக்கிறது. நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

பதினான்காம் நாள் விடைபெறப் போனேன். புஷ்பம் கீழ் மலையில், சமதரையில், ஐந்து பெண்களோடு பறித்துக்கொண்டிருந்தார். பனி விலகி வெயில் இலைகளில் பளபளத்தது. ராஜு பாதையில் நின்று, ரயிலுக்கு நேரமாச்சு என்று ஹாரன் அடித்தார். நான் வரப்பில் நின்று நோட்டைத் திறந்தேன்.

அடுத்த வரிசையில் இருந்த பெண் தலை நிமிராமல் குரல் கொடுத்தார்.

"புஷ்பம், சங்கு இருக்கா?"

"இல்லடி. நீ பறி."

கொஞ்சம் தள்ளி இன்னொருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இருக்கு. பசி சங்கு."

நாலே நாளில் அந்தச் சொல்லுக்கு இரண்டாவது பொருள்கூட வந்துவிட்டது. நான் அவசர அவசரமாக எழுதினேன். சங்கு: பெயர்ச்சொல். இழுப்பு வருவதற்கு முன் வரும் வாசம். வழங்கும் இடம்: இந்த மலை. பேசுபவர்கள்: ராஜு, மயூரன், இந்த ஆறு பெண்கள். மொத்தம் எட்டு.

பிறகு எட்டை அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன்.